கோடரிக்கு முந்திய கணக்கு

தமிழில் 'எண்ணுதல்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று, இரண்டு எனத் தொகை காண்பதும் எண்ணுதல். உள்ளத்தால் ஆராய்ந்து நோக்குவதும் எண்ணுதல். காடுகளின் வரலாற்றைக் கற்கப் புகுவோர்க்கு இச்சொல் ஒரு திறவுகோலாக உதவுகிறது. மரத்தை வெட்டுமுன் அதனை எண்ணிப் பார்த்தவர் யார், எண்ணாமலே வெட்டியவர் யார் என்னும் கேள்வியே நம் மேற்கு மலைகளின் கடந்த இருநூறு ஆண்டுக் கதையின் சாரம் எனலாம்.

சங்கப் புலவர் இக்கேள்வியை அறியாதவர் அல்லர். நற்றிணையின் 226-ஆம் பாடலில் கணி புன்குன்றனார், மருந்து வேண்டி மரத்தை நாடுவோர் அம்மரம் பட்டுப்போகும் அளவுக்கு அதனிடம் கொள்வதில்லை என்ற கருத்தைத் தலைவியின் வாயிலாகக் கூறுகிறார். புறநானூற்றின் 184-ஆம் பாடலில் பிசிராந்தையார், பாண்டியன் அறிவுடை நம்பிக்கு யானையை உவமை காட்டி அறிவுரை பகர்கிறார். சிறு வயலின் விளைச்சலும் முறையாக அறுத்து ஊட்டினால் யானைக்குப் பல நாள் ஆகும். அந்த யானை தானே பெருவயலில் புகுந்தால் உண்பதினும் மிதிப்பது மிகுதியாகும் என்பது அவர் கருத்து. முன்னது பிரிவைப் பற்றியது. பின்னது வரியைப் பற்றியது. ஆயினும் அளவறிந்து கொள்ளுதல் என்னும் அறம் இரண்டிலும் நிற்கிறது.

அறம் இவ்வாறு பாட்டில் நின்றது. ஆயினும் அறத்தால் மட்டுமே காடு காக்கப்பட்டதில்லை. எவ்வளவு கொண்டால் மரம் சாகாது? எத்தனை வெட்டினால் காடு தன்னைத் தானே நிரப்பிக்கொள்ளும்? இவற்றுக்கு விடை காண அளவுகோலும் ஏடும் பொறுமையும் வேண்டியிருந்தன. அந்த விடை எவ்வாறு தேடப்பட்டது, அதில் எவை விடுபட்டன, நம் அருமனைப் பகுதிக்கு அதனால் விளைந்தது என்ன என்பவற்றைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூடும் கூப்பும்

நம் வட்டாரத்தில் மரத்தை 'மூடு' என்று எண்ணுவது வழக்கம். 'நூறு மூடு ரப்பர்', 'நாலு மூடு அயனி' என்று பேசுவோம். கடையாலுமூடு, மஞ்சாலுமூடு என ஊர்ப்பெயர்களிலும் அச்சொல் நின்று நிலவுகிறது. மூடு என்பது மரத்தின் அடி. கிளையையும் காயையும் விட்டு அடியைச் சொல்லி எண்ணும் இவ்வழக்கில் ஒரு பொருத்தம் உண்டு. அடி நின்றால்தானே மரம் நிற்கும்!

இன்னொரு சொல் 'கூப்பு'. மலைக்காட்டில் மரம் வெட்டும் இடத்துக்குக் கூப்பு என்று பெயர். மரம் ஏற்றிவரும் வழி கூப்பு ரோடு. வெட்டை எடுத்தவர் கூப்புக் கான்டிராக்டர். இச்சொல் பிரெஞ்சு மொழியில் வெட்டுதலைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்து, ஆங்கிலேய வனத்துறையின் வழியே நம் மலைகளுக்கு வந்தது. வனவியலில் அதன் பொருள் இன்னும் நுட்பமானது. ஒரு காட்டைப் பல கூறுகளாக வகுத்து, இந்த ஆண்டுக்கு இந்தக் கூறு, அடுத்த ஆண்டுக்கு அடுத்த கூறு என முன்கூட்டியே வரையறுத்தால், அந்தந்த ஆண்டில் வெட்டுதற்குரிய கூறே கூப்பு. அஃதாவது வெட்டுக்கு முன் ஒரு வரைபடமும் அட்டவணையும் இருந்தால்தான் கூப்பு என்ற ஒன்று இருக்க முடியும். சொல் நம்மிடம் தங்கிவிட்டது. அதன் பின்னிருந்த அட்டவணையை நாம் மறந்துவிட்டோம்.

அருமனையினின்று வடகிழக்கே நோக்கினால் களியல், கடையாலுமூடு வழியாக மலையடிவாரம் தொடங்குகிறது. அதற்கு அப்பால் வீரப்புலி, கிளாமலை முதலிய காப்புக்காடுகள். அம்மலைகளில் பெய்யும் மழையே கோதையாறாகி, பேச்சிப்பாறையில் தேங்கி, நாஞ்சில் நாட்டு நெல்லுக்கும் கல்குளம், விளவங்கோட்டுத் தோட்டங்களுக்கும் நீராகிறது. எனவே காட்டின் கணக்கு மர வணிகரின் கணக்கோடு முடிவதன்று. உழவரின் மடைக்கணக்கும் குடிநீர்க் கிணற்றின் ஆழமும் அதனோடு பிணைந்தவை.

எண்ணாமல் வெட்டிய காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனின் ஓக் மரக்காடுகள் அருகிவந்தன. நெப்போலியனோடு நடந்த போர்களுக்குக் கப்பல் வேண்டியிருந்தது; கப்பலுக்கு மரம் வேண்டியிருந்தது. பம்பாய்க் கப்பல் கட்டும் துறை மலபார்த் தேக்கை நாடியது. 1806-இல் கிழக்கிந்தியக் கம்பெனி, காவல்துறையில் பணியாற்றிய வாட்சன் என்னும் காப்டனை மலபார், திருவிதாங்கூர்ப் பகுதிகளுக்கு முதல் வனப் பாதுகாவலராக நியமித்தது. பதவியின் பெயர் பாதுகாவலர் என்பதாயினும், அவர் பாதுகாத்தது மரத்தின் மீது கம்பெனி கொண்ட ஏகபோகத்தையே. தனியார் நிலத்து மரமும் அவர் பிடிக்குத் தப்பவில்லை. குடியானவரும் மர வணிகரும் நில உடைமையாளரும் ஒருசேர முறையிட்டனர்.

தேக்கு பெருந்தொகையில் பம்பாய் சென்றது. ஆனால் காட்டில் எத்தனை மரம் நிற்கிறது, எத்தனை இளமரம் வளர்ந்துவருகிறது, அடுத்த தலைமுறைக்கு எவ்வளவு மீதி என்பதை அறிய முறையான கணக்கெடுப்பு ஒன்றும் நடைபெறவில்லை. ஆற்றோரத்தில் இலகுவாக மிதக்கவிடக் கூடிய பெருமரங்களே முதலில் வீழ்ந்தன. பிசிராந்தையாரின் யானை தானே வயலில் இறங்கிய காட்சி அது. முறையீடுகள் மிகுந்த நிலையில், சென்னை ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோவின் காலத்தில், 1823-இல் அப்பதவியே ஒழிக்கப்பட்டது. அடக்குமுறை நீங்கியது நன்றே. எனினும் அதன் இடத்தில் வேறு ஒழுங்கு எதுவும் அமையாமையால், கோடரி மட்டும் கைமாறியது.

அக்காலத்து மலபார்த் தேக்கால் பம்பாயில் கட்டப்பட்டு 1817-இல் வெள்ளோட்டம் கண்ட போர்க்கப்பல் ஒன்று இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் 'திருகோணமலை'. ஈழத்துத் தமிழ் ஊரின் பெயரைத் தாங்கி, நம் மலைத்தொடரின் மரத்தால் ஆன அக்கப்பல் இருநூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டது. தேக்கின் திண்மைக்கு அது சான்று. அதற்காக வெட்டப்பட்ட காட்டுக்கு இப்படி ஒரு நினைவுச் சின்னம் இல்லை.

பின்னர் இருப்புப்பாதை வந்தது. 1856-இல் சென்னை இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. ஒரு மைல் பாதைக்கு இரண்டாயிரம் அளவில் சிலிப்பர்க் கட்டைகள் தேவைப்பட்டன; சில ஆண்டுகளில் அவை உளுத்து மாற்றவும் வேண்டியிருந்தன. அதே 1856-இல் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராகப் பொறுப்பேற்ற மருத்துவரும் தாவரவியலாளருமான ஹியூ கிளெக்ஹார்ன், இந்தப் பசிக்குக் காடு எத்துணைக் காலம் ஈடுகொடுக்கும் என்ற கவலையை அரசின் முன் வைத்தார்.

நிலம்பூரில் நட்ட விதை

கணக்கு இல்லாத வெட்டுக்கு மாற்றாக எழுந்த முதற் பெருமுயற்சி நம் மலைத்தொடரிலேயே நிகழ்ந்தது என்பது பெருமிதத்துக்குரியது. மலபார் கலெக்டராக இருந்த ஹென்றி வாலன்டைன் கொனொலி, வெட்டிய தேக்கின் இடத்தை நட்டுத்தான் நிரப்ப வேண்டும் என்று முடிவு செய்தார். 1840-களில் நிலம்பூரில் பணி தொடங்கியது. தொடக்கம் தோல்வியே. தேக்கின் விதை உறை கடினமானது, விதைத்தவை முளைக்கவில்லை. பலவகையாகச் சோதித்த பின்னரே நாற்றங்கால் முறை கைவந்தது.

இப்பணியில் களத்தில் நின்றவர் சாத்து மேனோன் என்னும் உள்ளூர் அலுவலர். 1862 வரை அவர் அப்பணியில் இருந்தார். அவர் மேற்பார்வையில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட தேக்குகள் வளர்ந்தன. 1846-இல் நட்ட தோட்டத்தின் எச்சமாகிய 2.31 ஹெக்டேர் நிலம் 'கொனொலித் தோட்டம்' என்ற பெயரில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. திட்டம் வகுத்தவர் பெயர் தோட்டத்துக்கு வாய்த்தது. மண்ணில் நின்று அதனை மெய்யாக்கியவர் பெயரை நாம் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டமாக அது போற்றப்படுகிறது.

நிலம்பூர் உணர்த்துவது ஒன்றுண்டு. தேக்கு முற்ற ஐம்பது, அறுபது ஆண்டுகள் ஆகும். நட்டவர் அறுவடை காண்பதரிது. கொனொலி 1855-இல் கொலையுண்டு மாண்டார். அவர் நட்டவற்றைப் பிற்காலத்தார் அறுத்தனர். தன் ஆயுளுக்கு அப்பாலுள்ள ஒருவருக்காகக் கணக்கெழுதுவதே வனத்திட்டத்தின் உள்ளியல்பு.

யானை மீதிருந்து எண்ணியவர்

நடுதல் ஒரு வழி. இயற்கையாக வளர்ந்த காட்டை அழியாமல் பயன்கொள்ளுதல் மற்றொரு வழி; அது இன்னும் கடினமானது. அவ்வழியைக் காட்டியவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் டீட்ரிக் பிராண்டிஸ். 1856-இல் பர்மாவின் பெகு தேக்குக் காடுகளுக்கு மேற்பார்வையாளராக வந்த அவர், வெட்டும் உரிமை வழங்குமுன் காட்டை எண்ணப் புகுந்தார். காடு முழுவதையும் எண்ணுதல் இயலாது. ஆகவே குறிப்பிட்ட வழிகளில் யானை மீதமர்ந்து சென்று, இருமருங்கும் கண்ட தேக்குகளைச் சுற்றளவுக்கு ஏற்பத் தரம் பிரித்து, மூங்கில் துண்டுகளில் கத்தியால் கீறிக் கணக்கு வைத்தார். ஆறடிக்கு மேற்பட்ட சுற்றளவுடையவை முதல் தரம். அதற்குக் குறைந்தவை அடுத்தடுத்த தரங்கள்.

அதன்பின் அவர் கேட்ட கேள்வி எளியது. இரண்டாம் தர மரம் ஒன்று முதல் தரமாக எத்தனை ஆண்டு ஆகும்? எடுத்துக்காட்டாக ஒரு காட்டில் 2,400 முதல் தர மரங்கள் இருப்பதாகவும், அவற்றின் இடத்தை நிரப்பப் போதிய இரண்டாம் தர மரங்கள் 24 ஆண்டுகளில் வளர்ந்துவிடும் என்றும் கொள்வோம். அங்கே ஆண்டுக்கு 100 மரம் வெட்டலாம். 101-ஆவது மரம் பேரனின் பங்கு. வட்டியை உண்டு முதலைக் காக்கும் குடும்பத் தலைவனின் கணக்கே இது. இரண்டாம் தர மரங்கள் குறைவாயின், வெட்டும் எண்ணிக்கை இன்னும் குறைய வேண்டும்.

பர்மாவில் இன்னொரு நடைமுறையும் இருந்தது. பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. ஆகவே வெட்டத் தேர்ந்த மரத்தின் அடியில் பட்டையும் மேல்மரமும் அறும்படி வளையமாக வெட்டி, மூன்றாண்டுகள் நின்றபடியே காயவிட்டு, அதன் பிறகே வீழ்த்துவர். அஃதாவது இன்று விழும் மரம் மூன்றாண்டுக்கு முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டதாகும். அவசரத்துக்கு அங்கே இடமில்லை.

பிராண்டிஸின் கருத்துக்கு அவர் பிறந்த நாட்டில் ஒரு முன்வரலாறு உண்டு. சாக்சனி நாட்டில் வெள்ளிச் சுரங்கங்களின் உலைகளுக்கு விறகு தட்டுப்பட்டபோது, சுரங்க நிர்வாகியான ஹான்ஸ் கார்ல் வான் கார்லோவிட்ஸ் 1713-இல் ஒரு நூல் வெளியிட்டார். வளர்வதற்கு மேல் வெட்டலாகாது என்பதே அந்நூலின் சாரம். இன்று 'நீடித்த வளர்ச்சி' என்று மேடைதோறும் முழங்கும் சொல்லாட்சியின் வேர் அங்கே இருக்கிறது. விறகில்லாமல் அணைந்துபோகவிருந்த உலையே அக்கருத்தைப் பிறப்பித்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

1864-இல் பிராண்டிஸ் இந்தியாவின் முதல் வனத் தலைமை ஆய்வாளரானார். அவர் காலத்தில் வேரூன்றிய ஏற்பாடே வனச் செயல்திட்டம். வனத்துறையினர் அதனை 'வொர்க்கிங் பிளான்' என்பர். பெரும்பாலும் பத்தாண்டுக்கு ஒரு முறை எழுதப்படும் அவ்வேட்டில் காட்டின் எல்லை, மண், சரிவு, ஓடைகள், மர வகைகள், அவற்றின் தொகை, வளரும் வேகம், மக்களின் உரிமைகள் ஆகியன இடம்பெறும். எந்தக் கூப்பு எந்த ஆண்டு, எந்த மரத்தில் குறிச்சுத்தியலின் முத்திரை விழலாம், விதைக்காக எவை நிற்க வேண்டும், ஆற்றங்கரையிலும் செங்குத்துச் சரிவிலும் எங்கே கோடரியே புகலாகாது என்பனவெல்லாம் முன்னரே எழுதப்படும்.

திருவிதாங்கூரின் ஏடுகள்

நம் பகுதி அக்காலத்தில் திருவிதாங்கூர் மன்னர் ஆட்சியில் இருந்தது. தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை அரசுக்குரிய மரங்கள். குடியானவர் புரையிடத்தில் நின்றாலும் அவை மன்னருக்குச் சொந்தம். 'அரச மரம்' என்றால் மற்ற ஊர்களில் பிள்ளையார் அமரும் மரம். நம் ஊரில் அது தொட்டால் தண்டனை வரும் மரமாகவும் இருந்தது! இதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். தன் நிலத்தில் தானே முளைத்த தேக்கைப் பேணுவதால் தனக்குப் பயனில்லை எனக் கண்ட உழவன் அதனை நாற்றிலேயே கிள்ளிவிடுவதே இயல்பு. உரிமையை எடுத்துக்கொண்டு அக்கறையை மட்டும் எதிர்பார்க்கும் சட்டம் மரத்துக்கு நன்மை செய்வதில்லை.

1888-இல் திருவிதாங்கூரின் முதல் காப்புக்காடாகக் கோன்னி அறிவிக்கப்பட்டது. 1893-இல் விரிவான வனச் சட்டம் வந்தது. அதே 1893-இல் டி.எஃப். பௌர்டில்லன் எழுதிய திருவிதாங்கூர்க் காடுகள் பற்றிய அறிக்கை வெளியாயிற்று. மலைத்தோட்டக்காரராக வந்து வனத்துறைக்கு மாறி, பாதுகாவலர் பொறுப்பை வகித்த அவர், எங்கே என்ன மரம் நிற்கிறது, எங்கே காடு தேய்ந்துவிட்டது என்பதை எழுதிவைத்தார். 1908-இல் வெளிவந்த அவருடைய 'திருவிதாங்கூரின் வன மரங்கள்' என்னும் நூலில் மரங்களின் தமிழ், மலையாளப் பெயர்களும் இடம்பெற்றன. சொல் தேடும் கவிஞர்க்கு அந்நூல் ஒரு சுரங்கம். ஒரு மரத்தை எண்ணுவதற்கு முன் அதன் பெயரை அறிந்தாக வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இதே காலத்தில் 1897-இல் தொடங்கி 1906-இல் பேச்சிப்பாறை அணை கட்டி முடிக்கப்பட்டது. ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவின் ஆட்சிக்காலம் அது. பணியை நடத்திய பொறியாளர் ஹம்ஃப்ரி அலெக்சாண்டர் மிஞ்சின் அணையின் அருகிலேயே துயில்கிறார். மேலே காட்டுக்குச் சட்டமும் கீழே நீருக்கு அணையும் ஏறத்தாழ ஒரே தலைமுறையில் அமைந்தன. காடு கெட்டால் மழைநீரோடு மண்ணும் இறங்கி அணையை மேடாக்கும். அணை மேடானால் நாஞ்சில் நாட்டின் கன்னிப்பூவும் கும்பப்பூவும் நீருக்கு ஏங்கும். ஆகவே அவ்விரு ஏற்பாடுகளையும் ஒன்றாகவே காண்பது தகும்.

ஏட்டில் ஏறாதவர்

இதுவரை சொன்னது கணக்கின் சிறப்பு. அக்கணக்கில் விடுபட்டவற்றையும் சொல்லாவிடில் வரலாறு நிறைவுறாது.

பிராண்டிஸின் மூங்கில் துண்டுகளில் தேக்கு ஏறியது. தேனும் பிரம்பும் கிழங்கும் ஏறவில்லை. காப்புக்காட்டின் எல்லைக்கல் நடப்பட்டபோது, அதனுள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த காணிக்காரர் தம் வீட்டிலேயே அனுமதி கேட்டு வாழ வேண்டியவராயினர். காட்டில் ஒரு பகுதியைத் திருத்திச் சில ஆண்டு பயிரிட்டு, பின் அதனைக் காட்டுக்கே திருப்பித் தந்து வேறிடம் செல்வது அவர்தம் முறை. மூட்டுக்காணி என்னும் ஊர்த்தலைவரின் சொல்லுக்கு அடங்கிய அம்முறையிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. ஏட்டில் எழுதப்படாமையால் அதனை ஒழுங்கென்று அதிகாரிகள் ஏற்கவில்லை.

அதே வேளையில் பெருந்தோட்டங்களுக்கு மலை திறந்துவிடப்பட்டது. 1860-களில் நாஞ்சில் நாட்டின் அசம்பு மலையில் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. காடு அழித்துத்தான் காப்பி நட்டனர். 1869-இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அடுத்த ஆண்டுகளில் இம்மலைகளையும் பற்றியது, காப்பி வீழ்ந்தது. காணிக்காரரின் சிறு விளைநிலம் குற்றமாகவும், பெரும் சரிவு முழுவதையும் மொட்டையாக்குவது முன்னேற்றமாகவும் தோன்றிய காலம் அது. கணக்கு எழுதும் கை எதை எண்ணத்தக்கது என்று கருதுகிறதோ, அதுவே ஏட்டில் ஏறும் என்பதற்கு இது சான்று.

அண்மைக்காலத்து நிகழ்ச்சி ஒன்றும் இங்கே நினைக்கத்தக்கது. அகத்தியமலைக் காட்டில் நிழலில் வளரும் சிறு செடி ஆரோக்கியப்பச்சை. அதன் காயை உண்டு களைப்பு நீங்கும் அறிவு காணிக்காரருடையது. 1987-இல் காட்டாய்வுக்குச் சென்ற அறிவியலாளர் குழு, வழிகாட்டியாக வந்த காணிக்காரரிடமிருந்து அதனை அறிந்தது. பாலோடு தாவரவியல் பூங்கா உருவாக்கிய 'ஜீவனி' என்னும் மருந்தைத் தயாரிக்கும் உரிமை 1995-இல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு வழங்கப்பட்டது. கட்டணத்திலும் உரிமத் தொகையிலும் பாதி காணிக்காரருக்கு எனவும் முடிவாயிற்று. உலகெங்கும் முன்மாதிரியாகப் பேசப்பட்ட ஏற்பாடு இது. ஆனால் இலைக்குத் தேவை எழுந்தபோது, செடியையே வேரோடு பிடுங்கும் நிலை வருமே என்று வனத்துறை அஞ்சித் தடை செய்தது. ஆண்டுக்கு எவ்வளவு பறிக்கலாம், யார் பறிப்பது, எங்கே வளர்ப்பது என்னும் திட்டம் மருந்துக்கு முன் எழுதப்பட்டிருக்கவில்லை. பங்கீட்டுக்குக் கணக்கிருந்தது, செடிக்குக் கணக்கில்லை. கணி புன்குன்றனார் மருந்தையும் மரத்தையும் சேர்த்துச் சொன்ன எச்சரிக்கை இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின் அகத்தியமலையில் மீண்டும் ஒலித்தது.

தாய்த்தமிழகத்தோடு இணைந்த பின்

1956 நவம்பர் 1-இல் நம் நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு இணைந்தன. காடுகளும் திருவனந்தபுரத்து ஏடுகளினின்று சென்னை ஏடுகளுக்கு மாறின. 1964-இல் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இலங்கைத் தேயிலை மலைகளில் தலைமுறைகளாக உழைத்த தமிழர் தாயகம் திரும்பினர். அவர்க்கு வாழ்வளிக்க அரசு ரப்பர்த் தோட்டங்களை விரிவாக்கியது. 1984-இல் அரசு ரப்பர் கழகம் தோன்றியது. கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு எனத் தோட்டங்கள் பரந்தன. காட்டு நிலம் ரப்பரானது உண்மை. அகதிகளாக வந்தோர் வாழ்ந்ததும் உண்மை. இவற்றுள் ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பது நேர்மையாகாது.

ரப்பர் நமக்கு ஒரு பாடத்தையும் வீட்டு வாசலிலேயே வைத்திருக்கிறது. கன்று நட்டு ஏழாண்டு காத்துப் பால்வெட்டுத் தொடங்குகிறோம். எந்தப் பக்கம் எத்தனை ஆண்டு வெட்டுவது, பட்டை எப்போது மீண்டும் வளரும், மழையில் எத்தனை நாள் விடுவது என்று தொழிலாளி அறிவார். இருபத்தைந்து, முப்பது ஆண்டு கழித்துக் கடும்வெட்டு நடத்தி, தடிக்கு விற்று, மறுநடவு செய்கிறோம். கடும்வெட்டுக்கு முன்பே மறுநடவுக்குப் பணமும் கன்றும் கருதிவைக்காத குடும்பம் கடனில் வீழ்கிறது. வெட்டுமுன் திட்டமிடல் என்பது அருமனைக்காரருக்கு அயல்நாட்டுத் தத்துவம் அன்று, அன்றாட வாழ்வு. சொந்தப் புரையிடத்தில் நாம் காட்டும் இந்த முன்னெண்ணத்தைப் பொதுக்காட்டுக்கும் எதிர்பார்ப்பதே நம் கேள்வி.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தது. கடலில் மீனவர் பலரைப் பலிகொண்ட அப்புயல், கரையில் ரப்பர் மரங்களையும் வாழைகளையும் தென்னைகளையும் ஓரிரவில் சாய்த்தது. எவரும் திட்டமிடாத வெட்டு அது. ஒரே வயது, ஒரே இனம் என நிற்கும் தோட்டம் எவ்வளவு எளிதில் விழும் என்பதை அன்று கண்டோம். பல வயதும் பல இனமும் கலந்து நிற்பதன் பொருளை வனவியல் ஏடுகள் நூறாண்டாகச் சொல்லிவந்தன. புயல் அதனைத் தெருவில் கிடத்திக் காட்டியது.

நிலம்பூரிலிருந்து ஒரு வழக்கு

சட்டத்தின் போக்கையும் சுருங்கக் காண்போம். 1980-இல் நடுவண் அரசின் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1988-இன் தேசிய வனக் கொள்கை, சூழலின் சமநிலையே முதல் நோக்கம், வருவாய் அதற்குப் பிற்பட்டது என்று அறிவித்தது. அரசு ஏற்ற திட்டம் இல்லாமல் எந்தக் காட்டிலும் வெட்டுப்பணி நடத்தலாகாது என்றும் கூறியது. கொள்கை ஏட்டில் இருக்க, பல மாநிலங்களில் லாரிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

1995-இல் நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு உச்ச நீதிமன்றத்தை அணுகினார். தம் குடும்பத்துக்கு முன்னர் உரிமையாயிருந்த நீலகிரிக் கூடலூர்க் காடுகள் அழிவது கண்டு அவர் தொடுத்த வழக்கு அது. 1996 டிசம்பர் 12-இல் வந்த ஆணை நாடு முழுவதற்கும் விரிந்தது. நடுவண் அரசு ஏற்ற செயல்திட்டத்தின்படி அல்லாமல் எந்தக் காட்டிலும் மரம் வெட்டலாகாது. உடைமை யாருடையதாயினும், சொல்லின் இயல்பான பொருளில் காடு என்று கொள்ளத்தக்கது காடே என்று நீதிமன்றம் கூறியது. 1840-களில் வெட்டுக்கு ஈடாக நடவைத் தொடங்கிவைத்த அதே நிலம்பூரிலிருந்து, நூற்றைம்பது ஆண்டு கழித்து, கணக்கில்லாத வெட்டுக்குத் தடை கோரும் குரல் எழுந்தது வரலாற்றின் பொருத்தம்.

இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் நம் மாவட்டத்துக் காடுகளில் 400 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயமாயிற்று. 2006-இன் வன உரிமைச் சட்டம் காணிக்காரர் போன்றோரின் உரிமையை ஏட்டில் ஏற்றியது. நூறாண்டுக்கு முன் விடுபட்ட வரி ஒன்று இவ்வாறு காலந்தாழ்த்தி எழுதப்பட்டது. ஏட்டில் எழுதியது மலையில் நடைமுறையாவது இனிமேலான பணி.

பத்தாம் ஆண்டில்

செயல்திட்டம் பத்தாண்டுக்கு ஒருமுறை எழுதப்படுவது என்று மேலே கண்டோம். அவ்வாறு எழுதும்போது, கடந்த திட்டத்தில் சொன்னது என்ன, செய்தது என்ன, விளைந்தது என்ன என்பதை ஆராயும் பகுதி ஒன்று இடம்பெறும். நட்டவை பிழைத்தனவா, வெட்டியது அளவுக்குள் நின்றதா என்று அங்கே பதில் சொல்லியாக வேண்டும். அப்பகுதியை நேர்மையாக எழுதாதவர் அடுத்த பத்தாண்டுக்கும் நேர்மையாகத் திட்டமிட இயலாது.

நம் இலக்கிய வட்டமும் தன் பத்தாம் ஆண்டில் நிற்கிறது. கவிஞர் பலர் கூடும் இவ்வவையில் காட்டைப் பாடாதவர் அரியர். அருவியும் குயிலும் மூங்கிலும் நம் வரிகளில் வந்துபோகின்றன. இனி அவற்றோடு இன்னொரு பணியும் சேரட்டும் என்று வேண்டுவது மிகையாகாது. தம்பகம், கோங்கு, வேங்கை, அயனி எனப் பெரியவர்கள் பெயர் சொல்லி அறிந்த மரங்களை நம் பிள்ளைகள் 'மரம்' என்ற ஒரே சொல்லால் அழைக்கத் தொடங்கிவிட்டனர். கூப்பில் வேலை செய்தவரும் தடியறுப்பில் கை தேய்ந்தவரும் தேனெடுக்க மலையேறிய காணிக்காரரும் நம்மிடையே இன்னும் உளர். எந்தச் சரிவில் எந்த மரம் நின்றது, எந்த ஓடை எந்த மாதம் வரை ஓடியது என்பதை அவர்கள் வாய்மொழியாகக் கேட்டு எழுதிவைத்தால், நாளை இம்மலைக்குத் திட்டம் எழுதுவோர்க்கு அது ஒரு மூல ஏடாகும். அடுத்த பத்தாம் ஆண்டு மலர் வெளிவரும்போது அவ்வேட்டின் சில பக்கங்களேனும் அதில் இடம்பெறுமாயின், நம் வட்டம் எண்ணியதும் வீண்போகாது.